வெய்ராவின் ஹீல்ஸ்

"காஷிஃப குரூப்லேர்ந்து தூக்கிட்டேன்."

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய தேவகிருபை, சாப்பாட்டுப் பையைக் கீழே வைப்பதற்குள் மகள் ஃபீபி சொன்னாள்.

"எந்த காஷிஃப்?"

"எத்தினி காஷிஃப் இருக்கான் எனக்கு? ஆம்பூர் காஷிஃப். என் தோஸ்த். நேத்து வரைக்கும்."

"நாளைக்கு அவன்கூடதானே வேலூருக்குப் போற?"

"வேஷப் போட்டியே போச்சும்மா. இதப் பாரு."

போனை நீட்டினாள். திரையில் வெய்ரா நின்றாள். மாடிக்கு மாடி தாவி ஊரைக் காப்பாற்றும் வீடியோ கேம் நாயகி. நீலப் பின்னல், முதுகில் இரண்டு கத்தி. மாதனூரிலிருந்து வேலூர் வரை அவளுக்கு நானூறு ரசிகர்கள். அவள் பிறந்தநாளுக்கு பேனர் கட்டி, பிரியாணி போட்டு, ரத்ததானமும் செய்தவர்கள். 'வெய்ரா படை' என்ற அந்த வாட்ஸாப் குழுவுக்கு ஃபீபிதான் அட்மின்.

"நல்லாதானே இருக்கா."

"காலப் பாரும்மா."

தேவகிருபை பார்த்தாள். திரையை விரலால் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள்.

"ஹீல்ஸ எடுத்துட்டாங்க. இன்னிக்குக் காலைல அப்டேட். அஞ்சு வருஷமா அந்த நாலு இன்ச் ஹீல்ஸ்தான் வெய்ரா. இப்பப் பாரு, ஸ்கூல் ஷூ மாதிரி தட்டையா."

"அதுக்கு காஷிஃப் இன்னா செஞ்சான்?"

"செஞ்சதே அவன்தான். இந்தியாவுலேர்ந்து ஒரு மெயில் வந்துச்சு, அதப் படிச்சுட்டுதான் மாத்தினோம்னு கம்பெனியே போட்டிருக்கு. பேர் போடல. மெயில் ஐடிய பாதி மறைச்சிருக்காங்க. மிச்சப் பாதி அவனுது. கேட்டேன். ஆமா, என் மெயில்லேர்ந்துதான் போச்சுன்றான். ஏன்டான்னா சிரிக்கிறான்."

"மெயில்ல இன்னா இருக்கு?"

ஃபீபி ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அஞ்சு வருஷமா இந்தப் பொண்ணு குதிகாலத் தூக்கிக்கிட்டே ஓடுது. கெண்டைக்கால் வலிக்குமேன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தோணலையா? கொஞ்ச நாள் அவளத் தரையில நிக்க விடுங்க."

போனைக் கட்டிலில் வீசினாள்.

"இது வெய்ராவுக்கு எழுதினதில்ல. என்னைக் கிண்டல் பண்ணி எழுதினது. போன வருஷம் போட்டி முடிஞ்சு நொண்டிக்கிட்டே பஸ்ல வந்தேன்ல, பக்கத்து சீட்ல இவன்தான் இருந்தான்."

"அதுல கிண்டல் எங்க இருக்கு?"

"நீ அவனுக்கு சப்போர்ட்டா?"

"சரி, விடு. இருக்கிற பூட்ஸப் போட்டுனு போ."

"அது பழைய லுக். இப்ப இருக்கிற லுக் இல்லன்னா பத்து மார்க் கம்மி. போன வருஷம் மூணு மார்க்ல கப் போச்சு." ஃபீபி தன் பூட்ஸை எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். "நீதானே செஞ்ச. ஹீல மட்டும் வெட்டிக் குடேன்."

தேவகிருபை ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம்காரி. புது மாடல் எதுவானாலும் முதல் ஜோடி அவள் கையில்தான் உருவாகும். இந்த பூட்ஸை, மகளின் போனிலிருந்த படத்தைப் பார்த்து, கழித்துப்போட்ட தோலைக் கேட்டு வாங்கி, மதிய இடைவேளைகளில் செய்திருந்தாள். திருப்பி, அடிப்பாகத்தைத் தடவினாள்.

"வெட்டினா மூக்கு வானத்தப் பாக்கும். ஒசர ஹீலுக்குன்னே வளைச்ச அடி இது. தட்டையா வேணும்னா புதுசாத்தான் செய்யணும். பத்து நாள் ஆவும்."

"அப்ப நான் போகல."

"போகாம?"

"அவன் மட்டும் மேடையேறி நிக்கட்டும். ஆனா யார் மெயில் போட்டதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுதான் விடுவேன். நானூறு பேருக்கும். ஆம்பூர்ல எவனும் அவன்கூட டீ குடிக்கக் கூடாது."

ஃபீபி போனை எடுத்து டைப் செய்ய ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. கட்டைவிரல்கள் நிற்கவில்லை.

"அனுப்பாத."

"ஏன் அனுப்பக் கூடாது? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அவன்?"

"சொல்லக் கூடாதுன்னு இருந்திருக்கும். கொஞ்சம் இரு."

தேவகிருபை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பீரோவின் மேலே, பழைய போர்வைகளுக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினாள்.

உள்ளே கறுப்பு பூட்ஸ். முழங்கால் வரை உயரம், பக்கத்தில் மூன்று வார், வெள்ளி பக்கிள். அடி தட்டை.

ஃபீபி போட்டுப் பார்த்தாள். நடந்தாள். கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். போனில் இருந்த வெய்ராவின் காலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். தையலுக்குத் தையல் அப்படியே இருந்தது.

"காலைலதானேம்மா அப்டேட் வந்துச்சு. பத்து நாள் ஆவும்ன. இத எப்ப செஞ்ச?"

"கழட்டி லேபிளப் பாரு."

சாம்பிள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்கு மாதிரிக்காக ஒரு ஜோடி அனுப்பினால், அதே போல் இன்னொரு ஜோடி இங்கே இருக்க வேண்டும். அனுப்பிய விவரத்தை எழுதி உள்ளே ஒட்டிவைப்பார்கள். ஃபீபி பூட்ஸை விளக்குப் பக்கம் சாய்த்தாள். அம்மாவின் கையெழுத்து.

'வெய்ரா. சைஸ் 37. முதல் ஜோடி கேம் கம்பெனிக்குப் போயாச்சு. பிப்ரவரி 12.'

அது எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

ஃபீபி நிமிர்ந்தாள்.

"காஷிஃப் டைப் அடிச்சு அனுப்பினான், அவ்ளோதான்," என்றாள் தேவகிருபை. "எனக்கு இங்கிலீஷ் வராதுல்ல."