உரிமையாளர் பெயர்

வரதன் கைகூப்பியபடி நின்றான். கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எண்பது ஃபிளாட் ஜனத்துக்கு முன்னால். தன்னைப் பார்த்து அவன் கும்பிடுவது ராகவனுக்கு இதமாக இருந்தது.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் எழவெல்லாம் தெரியாது சார். எவனோ ஒரு வெப்சைட்டு வெச்சு என் பேரை நாறடிச்சிக்கினு கீறான். யாருன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அசோசியேஷன் செயலாளர் தேர்தலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. போட்டியில் இரண்டே பேர். ராகவன், வரதன்.

வரதன் அயனம்பாக்கத்துக்காரன். கட்டடம் எழும்பிய நிலம் அவன் அப்பாவுடையது. அதற்குப் பதிலாக பில்டர் கொடுத்த மூன்று ஃபிளாட்டில் ஒன்றில் குடியிருந்தான். லிஃப்டில் லுங்கியோடு வருவான். வாட்ஸாப் குழுவில் எழுத வராமல் பேசி அனுப்புவான், பின்னால் குக்கர் விசில் கேட்கும்.

ராகவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வாரத்தில் ஐந்து நாள் இருபத்தெட்டு வயது மேனேஜர் ஒருவனுக்குத் தலையாட்டுகிறவன். எண்பது வீடு தன் கையெழுத்துக்குக் காத்திருப்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது அவனுக்கு. அதற்குக் குறுக்கே ஒரு லுங்கி.

மூன்று வாரத்துக்கு முன் அந்த வெப்சைட்டைத் தொடங்கியது ராகவன்தான். தண்ணீர் லாரிக்காரனிடம் வரதன் கமிஷன் அடிக்கிறான் என்று வாரம் இரண்டு பதிவு. ஆதாரம் எதுவும் இல்லை. படித்தவர்கள் கேட்கவும் இல்லை.

வெப்சைட்டின் பெயரைப் பதிவு செய்யும்போது உரிமையாளரின் விலாசமும் போன் நம்பரும் கேட்டார்கள். அதை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், மறைத்துவைக்கத் தனிக் கட்டணம் என்றார்கள். ராகவன் சிரித்துக்கொண்டான். அடுத்தவன் பெயர் சும்மா கிடைக்கும்போது தன் பெயரைப் பூட்டிவைக்க எவனாவது காசு கொடுப்பானா? அசோசியேஷன் பதிவேட்டைத் திறந்து, வரதனின் விவரங்களை அப்படியே எடுத்துப் போட்டான்.

இன்று காலை கடைசியாக ஒரு பதிவு போடப் பார்த்தான். பாஸ்வேர்டு செல்லவில்லை. மலிவான கம்பெனி அப்படித்தான் இருக்கும் என்று லேப்டாப்பை மூடிவிட்டான்.

"பாத்துச் சொல்லுங்க ராகவன்," என்றார் தலைவர் சுப்பராயன். "ஓட்டு எடுக்கறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

ராகவன் லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டினான். எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்தது. தேடும் பக்கத்தில் வெப்சைட்டின் பெயரை நிதானமாக அடித்தான்.

"வரதன், உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். வண்டிக்கு ஆர்.சி. புக் இருக்குல்ல? அந்த மாதிரி வெப்சைட்டுக்கும் ஒண்ணு இருக்கு. அதுல யார் பேரோ அவங்கதான் ஓனர்."

"பேரு கீறவன்தான் ஓனரா?"

"ஆமா."

"வேற எவனும் சொந்தம் கொண்டாட முடியாதா சார்?"

"முடியாது. எழுதித் தரட்டுமா? கைநாட்டு வெச்சுக்கறீங்களா?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். வரதனும் சிரித்தான். அது ராகவனுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அவமானம்கூட உறைக்காத ஜென்மம்.

பொத்தானை அழுத்தினான். சுவரில் எழுத்துகள் வந்தன. உரிமையாளர், வரதன். பி பிளாக், தரைத்தளம், அயனம்பாக்கம். கீழே அவன் போன் நம்பர்.

"ஐயோ, தன்னைத்தானே திட்டி எழுதிக்கிட்டாரா?" என்றாள் முன்வரிசையில் இருந்த சுலோசனா.

"அனுதாப ஓட்டு மேடம். எல்லாரும் பாவம்னு கை தூக்கணும்ல?" ராகவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "சரி, பண்றதுதான் பண்ணாரு, பேரை மறைக்கணும்னாவது தெரிஞ்சுதா? நாளைக்கு நம்ம எல்லாரோட விலாசமும் போன் நம்பரும் இவர் கையிலதான் இருக்கப்போகுது. யோசிச்சுக்கோங்க."

சலசலப்பு பெரிதாயிற்று. சுப்பராயன் கையை உயர்த்தி அடக்கினார்.

"என்ன வரதன், என்ன சொல்றீங்க?"

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். வெப்சைட்டு என்னுதுதான்." வரதன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். "இருபது நாளா போன் மேல போன் சார். 'புதுசா வெப்சைட்டு வாங்கியிருக்கீங்களாமே, டிசைன் பண்ணித் தரோம்'னு. நான் எங்கடா வாங்கினேன்? போன் பண்ண பொண்ணு ஒண்ணையே கேட்டேன். அதுதான் எந்தக் கம்பெனில வாங்கினது, அவனுக்கு இன்னா எழுதணும்னு பொறுமையா சொல்லிக்குடுத்துச்சு."

"எழுதினீங்களா?" என்றார் சுப்பராயன்.

"ஆதாரை இணைச்சு அனுப்பிச்சேன். ஓனர் நீங்கதான்னு நேத்து சாயங்காலமே பாஸ்வேர்டை மாத்தி என் கைல குடுத்துட்டான்."

ராகவன் லேப்டாப்பை மூடப்போனான். சுப்பராயனின் கை குறுக்கே வந்தது.

"இருங்க ராகவன், அவர் பேசி முடிக்கட்டும்."

வரதன் தாளைப் பிரித்துச் சுப்பராயனிடம் நீட்டினான்.

"உள்ள எல்லாமே என் பேருதான் சார். பணம் கட்டின ரசீதுல மட்டும் ராகவன்னு கீது."