சூடு தங்காத வீடு

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரிலுள்ள வீட்டின் சமையலறையில், குளிர்கோட்டைக் கழற்றாமலேயே வான்மதி சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கினாள். கணவன் ரஞ்சித்குமார் கூடத்தில் மடிக்கணினியே கதியென்று கிடந்தான்.

“வீட்டைச் சூடாக்குற நம்ம ஆயில் ஹீட்டர்தான் காசை முழுங்குது. கேஸ் சீப், ஆனா லைன் இழுக்கணும். கரண்டுல ஓடற ஹீட் பம்ப் போட்டா பில் பாதியாயிடும், ஆனா அதை வாங்கவே நிறைய செலவாகும். அதனால இந்த வருஷம் இந்தியா ட்ரிப் வேணாம்.”

“என் தங்கச்சி கல்யாணங்க அது!”

“வீடு சூடே ஆகலையே, நான் என்ன பண்றது? மெக்கானிக்கே வந்து சொல்லட்டும்.”

மெக்கானிக் வந்து, கீழ்த்தளத்திலிருந்த ஹீட்டரை முழுமையாகச் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தவர், திகைத்து நின்றார். ஜனவரிக் குளிரில் அங்கே எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. யார் திறந்தது என்று கேட்டார்.

வான்மதி கணவன் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்களேன். உங்க ஆபீஸ் கோட்டுல சாம்பார் வாசனை ஒட்டிக்கும்னு, நான் அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடியே தினமும் ஓடி வந்து திறக்கறது யாரு?”

அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்தாள், கோட்டைக் கழற்றினாள், காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டாள்.

“கோட்டு மணந்தா மணக்கட்டும். எனக்கு டிக்கெட்டைப் போடுங்க.”