அருமைநாதன் கோடு

கூட்ட அறைச் சுவரில் இருந்த வரைபடத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. ஒவ்வொரு மேலாளரும் தன் திட்டத்தை எவ்வளவு திறமையாக நடத்துகிறார் என்று காட்டும் நீலப் பட்டைகள் அதற்குக் கீழேயே நின்றுவிட்டன. அவர்களில் பாலம் கட்டிய அருமைநாதன் மட்டும் ஒரே ஒரு வாரம் அந்த உயரத்தைத் தொட்டார். எப்படி என்று கேட்காமலே தலைமை அலுவலகம் அதை எல்லோருக்கும் அளவாக வைத்து, அவர் பெயரையும் சூட்டிவிட்டது. அதன் பிறகு அவராலும் அதை எட்ட முடியவில்லை.

பட்டைகளில் மிகக் குட்டையானது இளம்பரிதியுடையது. கூட்டம் கலைந்ததும் அவன் அருமைநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சார், அடுத்த மாசம் என்னைத் தூக்கிருவாங்க போல. அந்த வாரம் என்னதான் பண்ணீங்க?"

அருமைநாதன் காலி டீ கப்பின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கே போகலப்பா. சைட்லயே கிடந்தேன். வேலையத் தவிர யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல."

"அது எப்படி சார் முடிஞ்சுது?"

"அதுக்கு முந்தின வாரந்தான் என் சம்சாரம் தவறிப்போனா. வீட்ல யார் இருக்கா, போறதுக்கு?"

மேசைமேல் இளம்பரிதியின் செல்போன் அதிரத் தொடங்கியது. திரையில் 'வீடு' என்று ஒளிர்ந்தது. அவன் சுவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு போனை மெல்லக் கவிழ்த்து வைத்தான். அது அதிர்ந்து அதிர்ந்து மேசையின் விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.