மேளத்துக்கு அடைக்கலம்

"அந்த மேளத்தைக் கொடு! அதற்குள் பேய் குடியிருக்கிறது!" கறுப்பு அங்கியும் சிலுவையுமாக நின்ற பாதிரியார் கர்ஜித்தார்.

"தர மாட்டேன்" என்றார் அடைக்கலம், மேளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

மேடை ஓரத்தில் நின்ற பேராசிரியை மணிமேகலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்ரீரங்கத்தில் அவர் அரங்கேற்றிய அந்தக் கல்லூரி நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

நார்வேயின் வடகோடியில் பனிமான் மேய்க்கும் சாமி என்ற இனத்தாரின் கதை அது. அவர்கள் மண்ணில் குடியேறிய பாதிரியார், அவர்களுடைய தெய்வத்தை அழைக்கும் மேளத்தைப் பிடுங்கி நெருப்பில் போட வேண்டும். மேய்ப்பவர் தலைகுனிந்து அழ வேண்டும். முன்வரிசையில் அந்த இனத்திலேயே பிறந்த நார்வே அம்மாள் ஒருவர் வேறு உட்கார்ந்திருந்தார்.

அடைக்கலம், பனிமான் வேஷம் கட்ட மருங்காபுரியிலிருந்து எட்டு ஆடுகளைக் கொண்டுவந்தவர். மேய்ப்பவராக நடிக்க வேண்டிய மாணவனைக் கிடா முட்டிவிட்டதால், அவரையே மேடையேற்றினார் மணிமேகலை. "நீங்கதான் சாமி" என்றதும் மனிதர் கூசிப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகைக்கு மட்டும் வர முடியாது என்றாரே தவிர, தங்கமான மனுஷர். நேற்று அட்டை மேளத்தை ஆடு மிதித்து நொறுக்கியபோதுகூட, ஊருக்குப் போய் அசல் மேளமே கொண்டுவந்துவிட்டார்.

இன்றுதான் மேடையில் நிஜ நெருப்புச் சட்டி எரிந்தது. ஒத்திகையில் அது கிடையாது.

"அடைக்கலம், கொடுத்துடுங்க!" மணிமேகலை பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"நெருப்புல போடப் போறாரும்மா! உசுரே போனாலும் தர மாட்டேன்."

பாதிரியாராக நடித்த சுப்புராமன் மேளத்தைப் பிடித்து இழுத்தான். "விடுங்கோ மாமா, டயலாக் மறந்துடப் போறது!"

அதற்குள் பனிமான்கள் ஒன்றின் தலையிலிருந்த முருங்கைக் குச்சிக் கொம்பை இன்னொன்று தின்னத் தொடங்கியிருந்தன. தின்னக் கொம்பு கிடைக்காத கிடா ஒன்று, பாதிரியாரின் பின்புறத்தைக் குறிபார்த்து ஒரே முட்டு. பஞ்சுப் பனியில் அவர் குப்புற விழுந்தார்.

மணிமேகலை அவசரமாகத் திரையை இறக்கச் சொன்னார். அரங்கமோ எழுந்து நின்று கைதட்டியது! நார்வே அம்மாள் மேடைக்கே ஓடிவந்து, அடைக்கலத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக் கண் கலங்கினார்.

மணிமேகலை அதைத் தமிழில் சொன்னார். "அவங்க முன்னோர் ஒருத்தர் இப்படித்தான் எதிர்த்து நின்னாராம். நீங்களும் பாதிரியாருக்குப் பயப்படாம, உங்க தெய்வத்தோட மேளத்தைக் காப்பாத்திட்டீங்கன்னு சொல்றாங்க."

அடைக்கலம் மேளத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தார்.

"பயமில்லாம என்னம்மா? இது எங்க சர்ச்சு மேளம்! ஞாயித்துக்கிழமை பூசைக்கு இது போய்ச் சேரலேன்னா, ஃபாதர் என்னையில்ல எரிச்சுப்புடுவாரு!"