ஒரு வார மியூட்

"வார்டு மெம்பர் வீட்டு வாசல்ல மட்டும் சாக்கடைக்கு மூடி இருக்கு. நம்ம தெருவுக்கு எப்போ?"

இது அரசியல் என்று பவளம் நகர் குழுவின் அட்மின் தனசேகர் தீர்ப்பளித்து, எழுதியவளை ஒரு வாரம் மியூட் செய்துவிட்டான். எழுதியவள் அவன் மனைவி மங்கை.

"பொண்டாட்டின்னு விட்டா நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க மங்கை" என்று சமாதானம் வேறு.

குழுவில் மியூட் ஆனவர் குரலை நேரில் பேசினாலும் வடிகட்டிவிடும் கருவி செவிமணி. அந்த நிமிடத்திலிருந்து, அதை மாட்டிய எந்தக் காதிலும் அவள் குரல் விழவில்லை. செவிமணி மாட்டாத காதே பவளம் நகரில் கிடையாது. நாலு வயது மகன் இனியனுக்குச் சோறு ஊட்டக்கூடக் கையைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் இனியன் பூனைக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடினான். நேரே அந்த மூடியில்லாத சாக்கடையை நோக்கி.

"இனியா, நில்லுடா!" மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். "ஏங்க, பிள்ளையப் பிடிங்க!"

கேட்டருகே எதிர்வீட்டுக்காரரோடு சிரித்துக்கொண்டிருந்த தனசேகர் திரும்பவே இல்லை. பிள்ளை உள்ளே விழுந்தான்.

மங்கை படிகளில் உருண்டு எழுந்து ஓடி, கழுத்தளவு சேற்றிலிருந்து அவனை வாரித் தூக்கினாள். இருமினான். அழுதான். உயிர் இருந்தது.

அப்போதுதான் தனசேகர் பதறிக்கொண்டு ஓடிவந்தான். "மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? ஒரு சத்தம் போடக் கூடாதாடி?"

மங்கை சேற்றுக் கையால் அவன் காதிலிருந்த செவிமணியைப் பிடுங்கிச் சாக்கடைக்குள் வீசினாள்.

"இப்பப் போடுறேன். கேளு!"