மூன்றாவது ஸ்டேஜ்

டிவியில் படம் இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஜூலி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவன் ஜோசப் ஆனந்த் அவளுக்கு முதுகைக் காட்டியபடி பாயில் உட்கார்ந்திருந்தான். எதிரே கறுப்பாகக் கிடந்தது திரை. அதற்குள்ளிருந்து கத்தி வீசும் சத்தம், குதிக்கிற சத்தம், ஓயாத அந்தப் பழைய வீடியோ கேம் பாட்டு.

"வந்துட்டியா?" என்றான் திரும்பாமலே. "மூணாவது ஸ்டேஜ். பாலத்தத் தாண்டப் போறேன், பாரு."

காலையில் டிவிக்குப் பின்னால் ஒட்டடை அடித்தது அவள்தான். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று அங்கே மூன்று வயர். மஞ்சள்தான் படத்துக்கு. துடைப்பம் பட்டுக் கழன்றிருக்க வேண்டும்.

அப்போதிருந்து அவன் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மூன்று வருடமாகவே கண் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஓரப்பார்வை போனது. பிறகு, அரியாங்குப்பம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரைக் கொண்டுபோய் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினான். அத்தோடு வேலையை விட்டான். நடுவில் ஒரு காசளவு பார்வை மிச்சமிருக்கிறது, அது நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார் டாக்டர்.

மிச்சமிருந்ததை அவன் விளையாட்டுக்குக் கொடுத்தான்.

அந்த வீடியோ கேம் பெட்டி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது துலோன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தது. அப்போது ஜோசப் பள்ளிக்கூடத்துப் பையன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய சாமான் குவியல்களைக் கிளறிக் கிளறி, அலமாரி நிறைய கேசட் சேர்த்தான். அவனுக்கே படிக்கத் தெரியாத ஜப்பான் எழுத்துப் போட்ட கேசட்கூட உண்டு. ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து வைப்பான். அவர்கள் இருக்கும் நெல்லித்தோப்பில் அந்த விளையாட்டுகளின் பெயர் தெரிந்த வேறு ஆள் இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஜூலியிடம் சொல்லுவான். எந்தச் சுவரை உடைத்தால் வழி வரும், எந்தப் பூதத்தை எங்கே அடித்தால் சாகும்.

"சின்னப் புள்ளையா நீங்க?" என்று கல்யாணமான புதிதில் அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

இந்த மூன்று வருடத்தில் அதே சத்தம்தான் அவளுக்குத் தைரியம். அவன் ஆடுகிறான் என்றால் கண் தெரிகிறது. சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி காதை இங்கேயே வைத்திருப்பாள். விளையாட்டில் வீரன் செத்தால் ஒரு சோகப் பாட்டு வரும். அது அடிக்கடி வரும் நாட்களில் அவளுக்குக் கை ஓடாது. இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்தப் பாட்டே கேட்கவில்லை. புதுச் சொட்டு மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அந்தத் தைரியத்தில்தான் இன்று அவனுடைய பழைய வேலையைத் திரும்பக் கேட்க அரியாங்குப்பத்துக்கு பஸ் ஏறினாள். "வேணாம், இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்று அவன் தடுத்ததை வெறும் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

"டிவில எறும்பு மாதிரி ஓடறதையே பாத்து ஆடறாரு சிஸ்டர். போர்டு தெரியாதா அவருக்கு?" என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டாள். அவர், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்கள் என்றார். எப்படி ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

இப்போது நேராக நடந்து, டிவிக்குப் பக்கத்தில் குனிந்து, பின்னால் கையை விட்டு மஞ்சள் வயரைத் தேடினாள். அதை அதன் ஓட்டையில் செருகினாள்.

படம் வந்தது. நீல வானம், தொங்கு பாலம், அதன்மேல் கத்தியோடு ஓடும் குட்டி வீரன். வெளிச்சம் ஜோசப்பின் முகத்தில் விழுந்தது. அவன் இமைகூட அசையவில்லை.

கண்ணே இல்லாமல், காதை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆடுகிறானே என்று அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு பெருமை வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தாள்.

இரண்டு கட்டைவிரலும் பட்டன்களின் மேல் சும்மா கிடந்தன.

திரையில் வீரன் குதித்தான். வெட்டினான். பலகை பலகையாகத் தாவினான். அவனுக்குக் கீழே ஒரு வரி மின்னி மின்னி மறைந்தது. ஜூலி பள்ளியில் படித்த பிரெஞ்சு அதற்குப் போதும்: தொடங்க, பட்டனை அழுத்தவும்.

யாரும் தொடாமல் விட்டுவிட்டால், கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகவே ஆடிக் காட்டும். கடைக்கு வருகிறவர்களை இழுப்பதற்காக வைத்த ஏற்பாடு என்று அவன்தான் எப்போதோ சொல்லியிருந்தான்.

"தாண்டிட்டேன்" என்றான் ஜோசப்.

ஜூலி டிவியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து எத்தனை நாளாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று யோசிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"ஸ்கூலுக்குப் போனியே, என்னா சொன்னாங்க?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

"எடமில்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

அவன் மூச்சு மெல்ல, நீளமாக வெளியே வந்தது. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"போவுது விடு. நீ சோத்தப் போடு. இந்த ஸ்டேஜ முடிச்சிட்டு வந்துடறேன்."