நாலாவது ஓட்டு

“தீர்மானத்தை இன்னொரு தரம் வாசி,” என்றார் பேராசிரியர்.

மகன் தாளைப் பார்த்து வாசித்தான். “இந்த வீட்டை விற்பது. அப்பா என்னோடு, அம்மா தங்கையோடு.”

“நாற்பது வருஷம் ஒண்ணா இருந்தவங்களை ஊருக்கு ஒருத்தரா பிரிச்சுப் போடறதுக்கு ஒரு தீர்மானம்! நல்லா இருக்குடா. உங்கம்மா இல்லாம எனக்கு ஒரு வாய் தண்ணிகூட இறங்காதுன்னு தெரியுமில்ல?”

சாப்பாட்டு மேஜைதான் சபை. ஆளப்படுகிறவரின் சம்மதம் இல்லாமல் ஆட்சி இல்லை என்று லாக்கையும் ரூசோவையும் பாலோடு சேர்த்துப் புகட்டியவர் அவர். கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம், வீட்டில் செய்முறை. நாய் வளர்ப்பதா, சுவருக்கு என்ன நிறம், அம்மா திரும்ப வேலைக்குப் போவதா, எல்லாமே பிள்ளைகள் சிறுசாக இருந்த காலத்திலிருந்து கை தூக்கித்தான் முடிவாயின. அவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. நான்கானால் சரிபாதியாகி இழுபறி வரும் என்பதால் அம்மாவுக்கு ஓட்டு இல்லை.

பிள்ளைகள் இருவரும் கை தூக்கினார்கள்.

“ரெண்டுக்கு ஒண்ணு. முடிஞ்சுதுப்பா,” என்றாள் மகள்.

“அவசரப்படாதே. சட்டத்துல ஒரு திருத்தம். இன்னியிலேர்ந்து உங்கம்மாவுக்கும் ஓட்டு.”

மகள் சிரித்துவிட்டாள். “இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? ரூசோவே பொம்பளைங்களுக்கு ஓட்டு கேக்கலைன்னு சொல்லுவீங்களே?”

“ரூசோ தப்பு பண்ணினா நானும் பண்ணணுமா? ரெண்டுக்கு ரெண்டு வரட்டும். சரிபாதியானா தலைவர் ஓட்டு செல்லும். தலைவர் நான்.”

மகனின் முகம் மாறியது. “வேண்டாம்ப்பா. அம்மாவை இதுல இழுக்காதீங்க. எங்களையே திட்டிக்குங்க.”

“ஏன், பயமா இருக்கா? ஜனங்க ஓட்டுக்குப் பயப்படறவனுக்கு என்ன பேருன்னு சொல்லிக் குடுத்திருக்கேனே!” சமையலறைப் பக்கம் திரும்பினார். “ஏய், அடுப்பை அணைச்சுட்டு இங்க வா.”

அவள் ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி வந்தாள். மகள் எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

“இதோ பாரு,” என்றார் அவர், முதல் வருட மாணவிக்குச் சொல்வதுபோல. “வீட்டை வித்து நம்மளைப் பிரிக்கணும்ங்கறவங்கதான் கை தூக்கணும். நீ சும்மா உக்காந்திரு, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவள் கையைத் தூக்கினாள்.

“அடடா, தப்பாத் தூக்கிட்டே! தூக்கினா நீ ஒரு வீடு, நான் ஒரு வீடுன்னு அர்த்தம். கீழ போடு.”

கை இறங்கவில்லை.

“அர்த்தம் தெரியும். எழுதிக் குடுத்ததே நான்தான்,” என்றாள். “எனக்குத்தான் ஓட்டு இல்லையே, அதான் பசங்களைக் கொண்டு வரச் சொன்னேன்.”

தீர்மானம் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது.